அமெரிக்க மேற்கின் முதல் நிலக்காட்சி ஒளிப்படங்கள்: சேகரிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

1867ஆம் ஆண்டு நெவாடாவின் கார்சன் பாலைவனத்தில் டிமோதி ஓ'சல்லிவன் எடுத்த ஒரு படத்தில், மணல்மேடுகளுக்கு நடுவே கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டி ஒன்று நிற்கிறது. அந்த வண்டிதான் அவருடைய இருட்டறை. வண்டியிலிருந்து கேமரா இருந்த பக்கமாக மணலில் காலடித் தடங்கள் நீள்கின்றன. ஈரம் காயாத கண்ணாடித் தகட்டோடு இருட்டறைக்கும் கேமராவுக்கும் இடையே ஒரு மனிதர் விரைந்து நடந்த சுவடு அது என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது, அந்தப் படம் வேறாகிவிடுகிறது. இந்தச் சேகரிப்பில் ஈடுபட விரும்புபவருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: மலையையும் அருவியையும் பார்த்து மயங்குவதற்கு முன்னால், கையில் இருக்கும் காகிதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் எப்போது, யாரால், எந்த முறையில் உருவானது என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

எல்லையை வகுத்துக்கொள்ளுதல்

அமெரிக்க மேற்கு பரந்தது. அதைப் படம்பிடித்தவர்களும் பலர். சார்லஸ் வீட் 1859இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு முதன்முதலாகக் கேமரா கொண்டுபோனார். கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இலும், எட்வர்ட் மைபிரிட்ஜ் 1867இலும் அங்கே படமெடுத்தார்கள். ரயில்பாதை போடப்பட்டபோது மத்திய பசிபிக் நிறுவனத்துக்காக ஆல்ஃபிரட் ஹார்ட்டும், யூனியன் பசிபிக் நிறுவனத்துக்காக ஆண்ட்ரூ ரஸ்ஸலும் உடன் சென்றார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அரசு அனுப்பிய நில ஆய்வுக் குழுக்களில், கிளாரன்ஸ் கிங், ஜார்ஜ் வீலர் ஆகியோரின் குழுக்களோடு ஓ'சல்லிவனும், ஹேடனின் குழுவோடு வில்லியம் ஹென்றி ஜாக்சனும், பவலின் குழுவோடு ஜான் ஹில்லர்ஸும் சென்றார்கள். 1860 முதல் 1880 வரையிலான இருபது ஆண்டுகள்தான் இந்தக் கலையின் மையக் காலம்.

இவை அனைத்தையும் சேர்க்கப் புறப்பட்டால் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் உங்களிடம் ஒன்றோடொன்று ஒட்டாத ஒரு குவியல்தான் இருக்கும். ஆகவே ஒரு இடத்தையோ, ஒரு ஒளிப்படக்காரரையோ, ஒரு ஆய்வுக் குழுவையோ தேர்ந்துகொள்ளுங்கள். புதியவருக்கு என் பரிந்துரை, ஒரே இடத்தைத் தேர்ந்து, அந்த இடத்தின் ஸ்டீரியோ அட்டைகளில், அதாவது ஒரே காட்சியின் இரண்டு படங்களை அருகருகே ஒட்டிய சிறிய அட்டைகளில், தொடங்குவது. யோசெமிட்டியின் வெர்னல் அருவியை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, வாட்கின்ஸும் மைபிரிட்ஜும் பிறரும் அதே பாறையை எங்கே நின்று பார்த்தார்கள் என்ற ஒப்பீடு ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கிவிடும். அந்த ஒப்பீடுதான் சேகரிப்பு. எண்ணிக்கை கூடுவதை மட்டும் சேகரிப்பு என்று சொல்ல முடியாது.

வாங்கும் முன் கண்ணைப் பழக்குதல்

முதல் இரண்டு மாதங்களுக்கு எதையும் வாங்காதீர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நியூயார்க் பொது நூலகம், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கெட்டி அருங்காட்சியகம் ஆகியவை தங்களிடம் உள்ள பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் பலவற்றை மிகுந்த தெளிவோடு ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. இவற்றின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் தரவிறக்கிப் பெரிதாக்கிப் பார்க்கத் தடையில்லை. இந்த நூலகங்களின் ஸ்டீரியோ அட்டைத் தொகுப்புகளில் படத்தை மட்டும் பார்க்காமல், அட்டையின் நிறம், ஓரத்தில் அச்சிட்ட பெயர், பின்புறத் தாள் எல்லாவற்றையும் பாருங்கள். வாட்கின்ஸின் பெரிய படங்களுக்கு மட்டுமே கெட்டி அருங்காட்சியகம் 2011இல் ஒரு முழுமையான அட்டவணைத் தொகுதி வெளியிட்டது. அவருடைய படத்துக்குப் பெரிய தொகை கொடுக்க நினைப்பவர் அதைப் புரட்டாமல் பணத்தை எடுக்கக் கூடாது.

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வசிக்கும் வாசகர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பல அருங்காட்சியகங்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஆய்வு அறையில் அசல் படத்தை மேசைமேல் வைத்துக் காட்டுவார்கள். திரையில் நூறு படம் பார்ப்பதைவிட அப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது பயன் தரும். அசலின் சாக்லேட் பழுப்பும், நிழலுக்குள் இருக்கும் ஊதாச் சாயலும் எந்தத் திரையிலும் சரியாக வருவதில்லை.

படம் பிறந்த விதம்

இந்தக் காலத்தின் பெரும்பாலான படங்கள் ஈரக் கொலோடியன் முறையில் எடுக்கப்பட்டவை. 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட இந்த முறையில், கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைத் திரவத்தை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, அது காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படமெடுத்து, உடனே இருட்டில் டெவலப் செய்ய வேண்டும். மலை உச்சியில் படமெடுக்க வேண்டுமானால் இருட்டறைக் கூடாரமும், மருந்துப் புட்டிகளும், கழுவுவதற்கான தண்ணீரும் மலை உச்சிக்கு வந்தாக வேண்டும். ஜாக்சனின் சுமையைத் தூக்கிய கோவேறு கழுதைக்கு ஹைப்போ என்று பெயர். அது படத்தை நிலைப்படுத்தும் மருந்தின் பெயர். வாட்கின்ஸ் 1861இல் யோசெமிட்டிக்குத் தனியாகச் செய்வித்த ஒரு கேமராவைக் கொண்டுபோனார். அதன் ஒவ்வொரு கண்ணாடித் தகடும் ஏறத்தாழ 18க்கு 22 அங்குலம். அந்த ஒரு பயணத்தில் அவர் அத்தகைய முப்பது தகடுகளையும் நூறு ஸ்டீரியோ நெகட்டிவ்களையும் உடையாமல் கீழே இறக்கினார்.

அவ்வளவு பெரிய தகடு ஏன் தேவைப்பட்டது என்று கேட்கலாம். அன்றைய காகிதத்தை, நெகட்டிவான அந்தக் கண்ணாடித் தகட்டோடு நெருக்கி வைத்து வெயிலில் காட்டித்தான் பிரிண்ட் எடுத்தார்கள். பெரிதாக்கும் வசதி நடைமுறையில் இல்லை. ஆகவே பிரிண்டின் அளவே நெகட்டிவின் அளவு. ஸ்டீரியோ நெகட்டிவாக மட்டுமே எடுக்கப்பட்ட ஒரு காட்சி உங்களிடம் பத்து அங்குல அகலத்தில் விற்பனைக்கு வந்தால், அது பிற்காலத்தில் பெரிதாக்கப்பட்டது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

கொலோடியன் நீல ஒளிக்கு மிகையாக உணர்வு காட்டும். அதனால் பாறைக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் வானம் முழுவதும் வெளுத்துப் போகும். புதிதாகத் தொடங்குபவர்கள் வெறுமையான வானத்தைப் பார்த்துப் படம் மங்கிவிட்டது என்று நினைத்து நல்ல பிரதியைக் கைவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வெண்மை அந்த முறைக்கே உரியது. மைபிரிட்ஜ் இதற்கு மாற்றாக வேறொரு நெகட்டிவிலிருந்து மேகத்தைச் சேர்த்து அச்சிட்டார். ஒரே மேகம் அவருடைய இரண்டு வேறு காட்சிகளில் வந்தால் வியப்படைய வேண்டாம்.

காகிதத்துக்கு வருவோம். முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசிய மெல்லிய தாளில் அச்சிட்ட அல்புமின் பிரிண்ட்தான் இந்தக் காலத்தின் அடையாளம். முப்பது மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. அதன்வழியே பார்த்தால் அல்புமின் பூச்சுக்குக் கீழே காகித நார்கள் தெரியும். பெரும்பாலும் மேற்பரப்பில் தலைமுடி போன்ற மெல்லிய விரிசல்களும் காணப்படும். 1890களில் பரவலான ஜெலட்டின் வெள்ளிப் பிரிண்டில் காகிதத்துக்கும் படத்துக்கும் நடுவே பேரைட்டா என்னும் வெண்பூச்சு இருப்பதால் நார்கள் மறைந்துவிடும். புள்ளிகள் வரிசையாக நின்றால் அது அச்சகத்தில் அடித்த ஹாஃப்டோன் படம். ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து வெட்டியது. வண்ணப் படம் என்று சொல்லப்படும் ஃபோட்டோக்ரோம் தாள்களில் ஒழுங்கற்ற மணல் போன்ற துகள்கள் தெரியும். ஜாக்சன் 1890களின் இறுதியில் சேர்ந்த டெட்ராய்ட் நிறுவனம் இவற்றை ஏராளமாக வெளியிட்டது. அவை அழகானவைதான், ஆனால் கல்லச்சில் உருவானவை. அல்புமின் விலைக்கு வாங்கத் தக்கவை அல்ல.

இத்துடன் ஒரு சிறிய புற ஊதா டார்ச்சும் வைத்திருங்கள். 1950களுக்குப் பிறகு வந்த பல காகிதங்களில் வெண்மையூட்டும் சாயம் கலந்திருப்பதால் அவை நீல வெண்மையாய் ஒளிரும். ஒளிர்ந்தால் பெரும்பாலும் புதுக் காகிதம். ஒளிராவிட்டால் பழையது என்று மட்டும் அதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

மூன்று கேள்விகள்

எந்தப் படத்தையும் கையில் எடுத்ததும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். நெகட்டிவை எடுத்தவர் யார்? எந்த ஆண்டில் எடுத்தார்? இந்தப் பிரிண்டை யார், எப்போது போட்டார்கள்? இந்த மூன்றுக்கும் ஒரே விடை என்று எண்ணிக்கொள்வதால்தான் சேகரிப்பாளர் ஏமாறுகிறார்.

வாட்கின்ஸின் வாழ்க்கையே இதற்குச் சான்று. அவருடைய யோசெமிட்டி படங்கள் 1862இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1864 ஜூன் 30 அன்று அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்ட காலத்தில், அந்த இடத்தை நேரில் காணாத பலரும் அதை அறிந்திருந்தது இந்தப் படங்களின்வழியேதான். ஆனால் 1875-76இல் கடனில் மூழ்கிய வாட்கின்ஸ் தம் கூடத்தையும் நெகட்டிவ்களையும் இழந்தார். அவை ஐசையா டேபர் என்பவர் கைக்குப் போயின. டேபர் அவற்றிலிருந்து தொடர்ந்து பிரிண்ட் போட்டு, படத்தின் கீழ்விளிம்பிலேயே ‘டேபர் போட்டோ, சான் பிரான்சிஸ்கோ’ என்று தம் பெயரைப் பொறித்து விற்றார். ஆகவே நெகட்டிவ் 1860களைச் சேர்ந்ததாகவும் பிரிண்ட் 1880களைச் சேர்ந்ததாகவும் இருக்கும். எடுத்தவர் பெயர் அதில் எங்கும் இருக்காது. எல்லாம் போன பிறகு வாட்கின்ஸ் மறுபடியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பழைய இடங்களுக்கே போய்ப் புதிதாக எடுத்தார். அந்த அட்டைகளில் ‘வாட்கின்ஸ் நியூ சீரிஸ்’ என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சொல் இருந்தால் அது கடன்பட்ட காலத்துக்குப் பிறகானது என்பது உறுதி. 1906 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் அவருடைய ஸ்டுடியோவும் அழிந்தது. 1916இல் அவர் நாபா மனநல மருத்துவமனையில் இறந்தார். அவருடைய பெயரிட்ட ஓர் அட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இந்த வரலாறு எனக்கு நினைவுக்கு வரும்.

அதே வாட்கின்ஸ், ஆல்ஃபிரட் ஹார்ட் எடுத்த ரயில்பாதை நெகட்டிவ்களை வாங்கித் தம் பெயரில் வெளியிட்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்றைய வணிகத்தில் நெகட்டிவை வைத்திருப்பவரே வெளியீட்டாளர். மைபிரிட்ஜ் தம் தொடக்ககாலப் படங்களில் ‘ஹீலியோஸ்’ என்ற புனைபெயரைப் பொறித்தார். அவருடைய 1872ஆம் ஆண்டுப் பெரிய யோசெமிட்டி படங்களை வெளியிட்டது பிராட்லி அண்ட் ருலோஃப்சன் நிறுவனம். அரசு ஆய்வுக் குழுக்களின் நெகட்டிவ்கள் பல இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிற்காலத்திலும் பிரிண்ட்கள் போடப்பட்டிருக்கின்றன. ஆகவே ஓ'சல்லிவன் படம் என்று சொல்லி வரும் ஜெலட்டின் பிரிண்ட் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது பிற்காலப் பிரதி, அவ்வளவே. அதற்கேற்ற விலையைக் கொடுங்கள்.

ஸ்டீரியோ அட்டையைப் படித்தல்

ஸ்டீரியோ அட்டை என்பது ஏறத்தாழ மூன்றரைக்கு ஏழு அங்குல அட்டையில் இரண்டு படங்களை அருகருகே ஒட்டியது. இரண்டு லென்ஸ் கொண்ட ஸ்டீரியோ காட்டியில் வைத்துப் பார்த்தால் பள்ளத்தாக்கு ஆழமாக விரியும். இதன் காலத்தைக் கணிக்கச் சில நம்பகமான குறிப்புகள் உண்டு. அட்டையின் மூலைகள் கூர்மையாக இருந்தால் அது பெரும்பாலும் 1860களின் இறுதிக்கு முற்பட்டது. அதன்பிறகு வளைவான மூலைகள் வந்தன. அட்டையே லேசாக வில்போல் வளைந்திருந்தால் 1880ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ என்று கொள்ளலாம். பின்புறத்தில் அமெரிக்க வருவாய் முத்திரை ஒட்டியிருந்தால் அது மிகச் சிறந்த சான்று: ஒளிப்படங்களுக்கு அந்த வரி 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரைதான் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. நன்றாக விற்ற காட்சிகளைப் பிறர் பிரிண்டிலிருந்தே மறுபடி படமெடுத்து, பெயர் போடாத மலிவு அட்டையில் ஒட்டி விற்றார்கள். இத்தகைய திருட்டுப் பிரதியில் நிழல்கள் கரியாகி, ஊசியிலை மரங்களின் நுனிகள் குழம்பியிருக்கும். அசலில் லென்ஸ் வைத்தால் தொலைவுப் பாறையின் வெடிப்புவரை தெரியும். இந்த வேறுபாட்டை நான் கற்றுக்கொண்டது என் முதல் வாங்கலில். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து யோசெமிட்டி அட்டை ஒன்றை வாங்கினேன். அவர் காட்டிய படம் சிறியது. முன்புறம் மட்டுமே இருந்தது. அட்டை வந்ததும் அதே காட்சியின் நூலக ஸ்கேனுக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். ஸ்கேனில் நீரோரம் கிடந்த மரத்துண்டில் பட்டையின் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. என் அட்டையில் அதே மரத்துண்டு ஒரு கறுப்புத் தீற்றலாக இருந்தது. அன்று முதல் முன்புறம், பின்புறம், நடுப்பகுதியின் நெருக்கப் படம் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறாமல் நான் எதையும் வாங்குவதில்லை.

எங்கே, எவ்வளவுக்கு

சாதாரணமான யோசெமிட்டி அட்டைகள் சில பத்து டாலருக்குக் கிடைக்கும். வாட்கின்ஸ், மைபிரிட்ஜ் பெயர் தெளிவாக உள்ளவை அதைவிட உயரும். வாட்கின்ஸின் பெரிய தகட்டுப் பிரிண்ட்கள் பல ஆயிரம் டாலரில் தொடங்கி, நல்ல நிலையில் உள்ள அரிய காட்சிகளுக்கு வெகுதூரம் போகும். ஏலத்தில் எடுத்தால், சுத்தியல் விழுந்த விலைக்குமேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ சேரக்கூடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு உங்கள் உச்சவரம்பைத் தாளில் எழுதிவிட்டு உட்காருங்கள். இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பொருளின் வயதையும் விலையையும் விற்பனையாளர் உள்ளபடியே எழுதி அனுப்பட்டும். குறைத்து எழுதிய பார்சல் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான்.

நிலையைப் பொறுத்தவரை என் முன்னுரிமை எளிது. ஓரம் கிழிந்த அட்டையை ஏற்பேன், பின்புறக் கறையை ஏற்பேன். மங்கிய படத்தை ஏற்க மாட்டேன். பழுப்பு மஞ்சளாகி, ஒளிப்பகுதியில் விவரம் அழிந்துபோன அல்புமினை யாராலும் மீட்க முடியாது.

வெற்று நிலம் என்ற தோற்றம்

இந்தப் படங்களில் பலவற்றில் மனிதரே இல்லை. அதனால் அந்த நிலத்தில் யாருமே வாழவில்லை என்று நம்பிவிடுவது எளிது. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அஹ்வானீச்சி மக்கள் வாழ்ந்தார்கள். வாட்கின்ஸ் அங்கே போவதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1851இல், மரிபோசா படை என்னும் கலிஃபோர்னியத் தன்னார்வப் படை உள்ளே புகுந்து அவர்களை வெளியேற்றியது. வாட்கின்ஸின் தலைப்புகளிலேயே இதன் எச்சம் இருக்கிறது: வெர்னல் அருவிக்கு ‘பிவ்யாக்’ என்றும், எல் கேப்பிட்டன் பாறைக்கு ‘டுடொகானுலா’ என்றும் அம்மக்களின் பெயர்களையும் சேர்த்து எழுதினார். இப்படிப் பழைய பெயரோடு வரும் அட்டைகளைத் தேடிச் சேர்ப்பது தனியான, பொருளுள்ள ஒரு வழி என்று நான் கருதுகிறேன். குறைந்தபட்சம் உங்கள் பதிவேட்டில் அந்தப் பெயரை விடாமல் எழுதுங்கள்.

வீட்டில் வைத்துப் பாதுகாத்தல்

அல்புமினுக்குப் பகை ஈரம். அருங்காட்சியகங்கள் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் இவற்றை வைக்கின்றன. சென்னை போன்ற கடற்கரை ஊரில் வீட்டுக்குள் அதைவிட வெகு அதிகமாக இருக்கும். ஆகவே காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலம், உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி ஆகிய மூன்றும் தேவை. ஜெல்லை அளவுக்கு மீறிப் போட்டால் தாள் சுருண்டு பூச்சு வெடிக்கும் என்பதால் மானியைப் பார்த்தே கூட்டிக் குறைக்க வேண்டும். பெட்டியைப் பரணில் வைக்காதீர்கள், வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு முட்டைக்கருவும் மாவுப்பசையும் விருந்து; மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு படத்தையும் தனித்தனிப் பாலியஸ்டர் உறையில் வையுங்கள். பிவிசி உறை காலப்போக்கில் அமிலம் கக்கும். பசைத்தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் பழைய கல்யாண ஆல்பங்களில் இவற்றை ஒருநாளும் வைக்கக் கூடாது. லேமினேஷன் செய்தால் படம் அதோடு முடிந்தது. அழுக்கைத் துடைக்க ஈரத்துணி தொடக் கூடாது. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். அட்டை எவ்வளவு நொறுங்கியிருந்தாலும் படத்தை உரித்தெடுக்காதீர்கள். வெளியீட்டாளர் பெயரும் எண்ணும் அந்த அட்டையில்தான் இருக்கின்றன. சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் நல்ல ஸ்கேன் எடுத்து அதன் பிரதியை மாட்டுங்கள்.

பதிவேடு

படம் வந்த அன்றே எழுதுங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கான விடைகள், அட்டையின் நிறமும் அளவும், பின்புறத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்தும், யாரிடமிருந்து எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். விடை உறுதியாகத் தெரியாத இடத்தில் கேள்விக்குறி இட்டு, பின்னால் தெரியவரும்போது தேதியோடு திருத்துங்கள். பழைய உரிமையாளர் பென்சிலில் கிறுக்கிய ஒரு கடைப்பெயரையோ தேதியையோ அழுக்கு என்று அழித்துவிடாதீர்கள். என்னிடம் உள்ள ஓர் அட்டையின் பின்னால் ஒரு பெண்பெயரின் முதலெழுத்துகளும் ‘குதிரையில் இறங்கினோம், மழை’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியும் மங்கலாக இருக்கின்றன. அவர் யார் என்பதற்கான இடம் என் பதிவேட்டில் இன்னும் கேள்விக்குறியோடுதான் இருக்கிறது.